வேண்டாவின் விண்ணப்பம்

புளி மடித்துக் கொடுத்த தாளில்தான் அந்த விளம்பரம் இருந்தது.

என் அத்தா பஷீருதீன் புதுப்பட்டினம் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். பழைய செய்தித்தாளைக் கிழித்துத்தான் பொட்டலம் மடிப்பார். 1975ஆம் வருடம் மார்ச் மாதத்தில் ஒரு நாள், வேண்டா வாங்கிப் போன புளியைச் சட்டியில் கொட்டிவிட்டுத் தாளை அடுப்பில் போடப் போயிருக்கிறாள். அவள் மகள் எல்லம்மாள் அதைப் பிடுங்கிப் படித்திருக்கிறாள். அச்சில் எது கிடைத்தாலும் படிக்கிற பெண் அவள். அப்போது ஐந்தாம் வகுப்பு.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு அடுப்பெரிக்கச் சவுக்கு மிளாறு போட வந்த வேண்டா, கட்டை இறக்கிய பிறகும் போகாமல் நின்றாள். முந்தானை முடிச்சிலிருந்து புளிக்கறை படிந்த தாளை எடுத்தாள்.

"பாப்பா, இத்த நீ ஒருவாட்டி படியேன். எம் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. ஆனா அது கத வுடும். எனக்கு நம்பிக்க வல்ல."

நான் படித்தேன். செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மாணவியர் விடுதிக்கு ஆயா தேவை. படிப்பு அவசியமில்லை. கணவனை இழந்தவர்களுக்கு முன்னுரிமை. பெண் குழந்தை இருந்தால் விடுதியில் தாயுடன் தங்கிப் படிக்கலாம். விண்ணப்பத்தைக் கைப்பட எழுதி ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் அனுப்பவும்.

படிப்பு அவசியமில்லை என்று சொல்லிவிட்டுக் கைப்பட எழுதச் சொல்கிறார்களே என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"அப்ப நெசந்தானா?" என்றாள் வேண்டா. "பொண்ணும் கூடவே இருக்கலாமா?"

"இருக்கலாம்னுதான் போட்டிருக்கு."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

வேண்டா செய்யூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். மூன்று பெண்களுக்குப் பிறகு வந்த நான்காவதுக்கு எங்கள் பக்கத்தில் அப்படிப் பெயர் வைப்பது உண்டு. இனிப் பெண் வேண்டா என்று சாமிக்குச் சொல்லிவிடுகிற பெயர். அடுத்தது தம்பி கேசவன் பிறந்தான். "எம் பேரு பலிச்சுப்பூட்ச்சு. ஊரே எனக்குக் கும்பிடு போட்டிருக்கணும்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கூப்பிட்டுப் பழகிவிட்டால் அதன் பொருள் யாருக்கும் காதில் விழாது. நானும் "வேண்டாக்கா" என்றுதான் கூப்பிடுவேன்.

பதினேழு வயதில் புதுப்பட்டினத்து அப்பாசாமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். மணிலாக்கொட்டைக் கொல்லையில் கூலி வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். கல்பாக்கத்தில் அணுமின் நிலையக் கட்டட வேலை தொடங்கியதும் மண் வேலைக்குப் போனார். எழுபத்திரண்டில் மஞ்சள் காமாலை வந்து பதினைந்து நாளில் இறந்துபோனார். அப்போதிலிருந்து வேண்டா, கணவரின் அண்ணன் தர்மராஜ் வீட்டை ஒட்டிப் போட்ட சாய்ப்பில் இருந்தாள். சவுக்குத் தோப்பில் வெட்டு நடக்கும் நாட்களில் கிளை கழிப்பாள். மற்ற நாட்களில் மிளாறு கட்டி வீடு வீடாகப் போடுவாள்.

தர்மராஜ் கெட்டவர் இல்லை. அவருக்கே நான்கு பிள்ளைகள். அந்த வருடம் எல்லம்மாளுக்கு ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கட்டட வேலைக்காக வந்து தங்கியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம், ஜூன் மாதம் நாக்பூருக்கு மாற்றலாகிப் போவதாக இருந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். "மூணு வேளை சோறு, துணிமணி, நல்ல எடம். இங்க இருந்து சவுக்குல கையக் கிழிச்சுக்கறதுக்கு அது மேல்" என்று தர்மராஜ் சொல்லியிருந்தார்.

"ரெண்டு நாளு ரயிலாம் பாப்பா" என்று வேண்டா மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இந்த வேல கெடச்சா நா அதுங்கூட இருப்பேன். அதுவும் படிக்கும். கெடைக்கலன்னா நாக்பூருதான். நீ ஒரு காயிதம் எழுதிக் குடு. நல்லா எழுது. படிச்சதும் அவுங்க எனக்குத்தான் குடுக்கணும்."

நான் செங்கல்பட்டில் பெண்கள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. முடித்து வீட்டில் இருந்தேன். அக்கம்பக்கத்தில் கடிதம் எழுதுவதும் படித்துக் காட்டுவதும் என் வேலை. ஆங்கிலத்தில் எழுதினால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் புத்தகத்தில் வேலை விண்ணப்பத்துக்கு ஒரு மாதிரி இருந்தது. அதைப் பார்த்து, பெயரையும் ஊரையும் மாற்றி, ஒரு பக்கம் அழகாக எழுதினேன். சாயங்காலம் வேண்டா வந்தாள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

"'மேன்மை தங்கிய ஐயா. தங்கள் விடுதியில் ஓர் இடம் காலியாக இருப்பதை நம்பத்தகுந்த முறையில் அறிந்து, அடியேன் என்னைத் தங்கள் மேலான பார்வைக்குச் சமர்ப்பித்துக்கொள்கிறேன். தாங்கள் கருணை கூர்ந்து இந்த வாய்ப்பை அளித்தால், மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும்படி உழைப்பேன் என்று உறுதி கூறுகிறேன்...'"

வேண்டா வாயைத் திறந்தபடி கேட்டாள்.

"நல்லாத்தான் கீது" என்றாள். "ஆனா இதுல நா எங்க கீறேன்?"

"இதோ, பேர் போட்டிருக்கேனே."

"பேரு கீது. நா எங்க? இத்த பாயம்மா குடுத்தாலும் இதான? நம்ம தபால்கார ஏசுபாதம் அண்ணாத்த குடுத்தாலும் இதான?"

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். "நான் எதுக்குடி ஆயா வேலைக்கு எழுதிப் போடப் போறேன்?"

"அதான் பாயம்மா. ஒங்களுக்கே பொருந்துது பாரு."

எனக்கு முகம் சுட்டது. நான்கு வருடம் ஆங்கிலக் கட்டுரைக்கு முதல் மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அவள் சொன்னது சரி. அந்தக் கடிதத்தில் ஒருவருமே இல்லை.

தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன். "சரி, ஆயா வேலையிலே உங்களுக்கு என்ன தெரியும்னு சொல்லுங்க. அதையே எழுதறேன்."

"இன்னா தெரியும்? பெருக்கத் தெரியும், மொழுகத் தெரியும்."

"அது எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும் என்ன தெரியும்?"

அம்மா முறத்திலிருந்து தலை தூக்காமல், "தலை பார்ப்பாளே. அதச் சொல்லு" என்றாள்.

அது உண்மை. எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணுக்குப் பேன் விழுந்தாலும் வேண்டாவைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கும் பார்த்திருக்கிறாள். அவள் மடியில் தலை வைத்தால் தூக்கம் வந்துவிடும். இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கிடையே அந்தச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதற்குப் பிறகு நான் கேட்கக் கேட்க அவள் சொன்னாள். வெளிச்சம் மங்குகிற வரை எழுதினேன். நான் எழுதிய கடிதத்தின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதிலிருந்து சில வரிகள்:

"விடுதித் தலைவி அம்மா அவர்களுக்கு வணக்கம். விண்ணப்பத்தைக் கைப்பட எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்ல, தெரிந்த வீட்டுப் பெண் எழுதுகிறாள். சொல்வதெல்லாம் என் சொல்.

"தலை பார்ப்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு தலைக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வேன். நான் பார்த்த தலையில் பேன் மட்டுமல்ல, ஈரும் இருக்காது. என் மடியில் தலை வைத்து எந்தப் பிள்ளையும் அழுததில்லை. விடுதியில் அறுபது பெண்கள் இருந்தால் ஒரு நாளைக்கு நான்கு தலை வீதம் பதினைந்து நாளில் முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன்.

"வயதுக்கு வருகிற பிள்ளைகள் பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருக்கும். முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிடும். அதட்டாமல் சொல்லிக் கொடுப்பேன். காய்ச்சல் பிள்ளை பக்கத்தில் எத்தனை நேரமானாலும் உட்காருவேன்.

"என் பெண் ஐந்தாவது படிக்கிறாள். அவளை வெகு தூரத்தில் வேலைக்கு அனுப்ப ஏற்பாடாகியிருக்கிறது. அவள் என் பக்கத்தில் இருந்து படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையைக் கேட்கிறேன். உங்கள் பிள்ளைகள் மேல் ஆசை என்று பொய் சொல்லவில்லை. வந்த பிறகு ஆசை தானாக வரும். என் வேலையில் குறை கண்டால் மறுநாளே போகச் சொல்லலாம்."

கடைசி வாக்கியங்களை நான் தயங்கித்தான் எழுதினேன். அவள்தான் பிடிவாதமாகச் சொன்னாள். படித்துக் காட்டியதும், "இப்ப இதுல நா கீறேன்" என்றாள்.

பேனா மையைக் கட்டைவிரலில் தடவிக் கைநாட்டு வாங்கினேன். அரிவாள் பட்ட தழும்பு ஒன்று விரலின் குறுக்கே ஓடியது. ரேகையை இரண்டாக வெட்டியது போல நடுவில் வெள்ளையாகப் பதிந்தது.

பெயர் எழுத வேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தேன். அவள் போன பிறகு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் முழுக்க வேலை வேண்டும் என்று கேட்டுவிட்டு, அடியில் "இப்படிக்கு, வேண்டா" என்று போட வேண்டும். படிப்பவர்கள் சிரித்துவிட்டால்? அவ்வளவு நேரம் அவள் உட்கார்ந்து சொன்னதெல்லாம் அந்த ஒரு சிரிப்பில் போய்விடாதா? எழுதத் தெரியாது என்ற உண்மையைக் கடிதத்தின் முதலிலேயே எழுதிய நான், பெயரில் பொய் எழுதினேன். "வேதம்மாள்" என்று போட்டேன். மேற்பார்வை, பஷீருதீன் மளிகை, புதுப்பட்டினம் என்று முகவரி எழுதி, மறுநாளே தபாலில் சேர்த்தேன்.

ஏப்ரல் கடைசியில் நேரில் வரச் சொல்லி விடுதியிலிருந்து தபால் அட்டை வந்தது. தபால்காரர் ஏசுபாதம் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி, "பாய், வேதம்மாள்னு யாரு ஒங்க கடையில?" என்று கேட்டார். அப்போதுதான் வேண்டாவிடம் சொன்னேன்.

"அங்க வேதம்மான்னு கூப்பிட்டா நீங்கதான். எழுந்திருங்க."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயரு வூட்டு அம்மா மாரி கீதே! அவுங்க கூப்புடுவாங்க, நா யாரோன்னு திரும்பிப் பாத்துகினு இருப்பேன்."

அப்படியேதான் நடந்தது. திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் பிடித்து மகளையும் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்து அம்மாவிடமும் என்னிடமும் நடித்தே காட்டினாள்.

"வேதம்மா, வேதம்மான்னு ரெண்டுவாட்டி கூப்டாங்க. நா குந்திகினே கீறேன். எம் பொண்ணு வெலாவுல ஒரு குத்து குத்திச்சு பாரு! உள்ள போனா ஒரு அம்மா, கண்ணாடி போட்டுகினு. ராஜம்னு பேரு. கும்பகோணத்துப் பக்கமாம். ஒன் காயிதத்தக் கையில வச்சிகினு என்னையே பாக்குது. அப்பறம் ஒரு புள்ளையக் கூப்ட்டுச்சு. 'இது தலையப் பாருங்க'ன்னுச்சு. நா தரையில குந்தி மடியில சாச்சிகினேன். அவ்ளோதான். அந்தப் புள்ள தூங்கிப்பூட்ச்சு பாப்பா! அந்த அம்மா எழுந்து போயி கதவச் சாத்துது, சத்தம் வராம."

"வேலை கெடைச்சுதா, அதச் சொல்லுடி" என்றாள் அம்மா.

"அவுங்க பெரியவங்க கூடிப் பேசிட்டு மே மாசக் கடைசில எழுதிப் போடுவாங்களாம். எம் பொண்ணுகிட்ட, 'ஜூன்ல ஆறாங்கிளாசு புஸ்தகம் வாங்கி வைக்கட்டுமா'ன்னு கேட்டுச்சு." வேண்டாவின் குரல் சட்டென்று தணிந்தது. "அப்ப குடுத்துருவாங்கதான பாப்பா?"

கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

விடுதித் தலைவி ராஜம் அம்மாள் இன்னொன்றும் சொல்லியிருந்தார். விடுதியில் தினமும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும்; ஜூனுக்குள் கற்றுக்கொண்டு வா என்று. மறுநாளே வேண்டா என்னிடம் வந்தாள். மகளிடம் கேட்கக் கூச்சம். "அது சிரிக்கும்" என்றாள்.

"எந்தப் பேர் எழுதக் கத்துக்கறீங்க? வேதம்மாவா?"

"அது யாரோ. எம் பேரச் சொல்லிக் குடு. எங்கப்பன் வச்சது."

நான் அப்போது சொல்லியிருக்கலாம்: அங்கே உங்கள் பெயர் வேதம்மாள் என்று இருக்கிறது, அதையே கற்றுக்கொள்ளுங்கள் என்று. ஆனால் அவள் முகம் அவ்வளவு ஆசையாக இருந்தது. சேர்ந்த பிறகு ராஜம் அம்மாளிடம் நானே எழுதிச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். "வேண்டா" என்று பலகையில் எழுதிக் காட்டினேன். வே சீக்கிரம் வந்தது. ண்-இன் சுழிகள்தான் படுத்தின. "இன்னா பாப்பா, இவ்ளோ சுழி சுழிக்குது" என்று திட்டிக்கொண்டே எழுதினாள். தோப்பில் மணலில் சவுக்குக் குச்சியால் எழுதினாள். சாய்ப்புச் சுவரில் கரியால் எழுதினாள். இருபது நாளில், பார்க்காமல், கோடு கோணாமல் எழுதினாள். அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே சொல் அதுதான்.

மே மாதக் கடைசியில் மேல்விஷாரத்தில் என் பெரியம்மா மகள் கல்யாணம். அத்தா கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கிளம்பினார். பத்து நாள் நாங்கள் ஊரில் இல்லை.

அந்தப் பத்து நாளுக்குள் அட்டை வந்தது. நடந்ததை வேண்டாவும் எல்லம்மாளும் ஏசுபாதமும் தனித்தனியே எனக்குச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றாகவே இருந்தன.

கடை பூட்டியிருந்ததால் ஏசுபாதம் அட்டையைத் தோப்புக்கே கொண்டுபோனார். அது பதில் அட்டை. ஒரு பாதியில், வேதம்மாளை ஆயாவாக நியமிக்க முடிவு செய்திருப்பதாக இருந்தது. மறுபாதியைக் கிழித்து அனுப்ப வேண்டும். மே முப்பத்தொன்றுக்குள் பதில் கிடைக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அன்று இருபத்தெட்டு.

"பாய் வூட்டு பாப்பா வரட்டும்" என்று வேண்டா சொல்லியிருக்கிறாள்.

"அது வர்றதுக்குள்ள தேதி பூடும்மா. இன்னா பெரிய எழுத்து? பேரு அவுங்களே மேல அடிச்சிகீறாங்க. கீழ ஒரே ஒரு எடந்தான் காலி. நாளைக்குக் காலைல தபால் கட்டுல சேத்துடறேன்."

எல்லம்மாள் அட்டையை வாங்கி உரக்கப் படித்திருக்கிறாள். "'பணியில் சேர விருப்பம்'னு போட்டு, புள்ளி புள்ளியா கோடு கீதும்மா. 'விண்ணப்பதாரர் தம் கைப்பட எழுதுக'ன்னு கீது. குடு, நா எழுதறேன்."

"கைப்படன்னா யாரு கை?" என்று வேண்டா கேட்டிருக்கிறாள்.

"ஒன் கைதான்."

"அப்ப நீ எப்பிடி எழுதுவ? குடு இப்பிடி. எனக்கு எழுதத் தெரியும்."

ஏசுபாதம் காதில் செருகியிருந்த பேனாவைக் கொடுத்தார். சைக்கிள் சீட்டின் மேல் அட்டையை வைத்து, புள்ளிக் கோட்டின் மேல் அவள் தன் பெயரை எழுதினாள். எல்லம்மாள் பக்கத்தில் நின்று பார்த்தாள். "ண் நல்லா வந்துகீதும்மா" என்றாள். ஏசுபாதமும் பார்த்தார். "அட, கையெழுத்தெல்லாம் போடற!" என்று சொல்லி அட்டையைப் பைக்குள் வைத்தார்.

ஜூன் ஆறாம் தேதி நாங்கள் ஊர் திரும்பினோம். வேண்டா ஓடிவந்தாள். அட்டை வந்ததையும் தானே எழுதி அனுப்பியதையும் மூச்சு வாங்கச் சொன்னாள்.

"என்ன எழுதினீங்க?"

"எம் பேருதான்! நீ சொல்லிக் குடுத்தா மாரியே, ஒரு கோடு கூட கோணல!"

எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பண்ணீங்க" என்றேன். எங்கள் ஊரில் அது பெயர். வேறு ஒன்றாக அது எங்கள் கண்ணில் படவே இல்லை.

சேர வேண்டிய தேதி சொல்லி உத்தரவு வரும் என்று காத்திருந்தோம். வரவில்லை. பள்ளிக்கூடங்கள் திறந்தன. வேண்டா தினமும் தோப்பிலிருந்து நேரே கடைக்கு வருவாள். அத்தா இல்லை என்று தலையசைப்பார். அவள் போய்விடுவாள். நான்காம் நாளிலிருந்து கடை வரை வராமல், எதிரில் நின்று அத்தா முகத்தைப் பார்த்துவிட்டே திரும்பினாள்.

நான் உடனே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். எழுதினால் அவசரப்படுத்துவது போல ஆகிவிடுமோ, ராஜம் அம்மாள் தப்பாக நினைப்பாரோ என்று எட்டு நாள் தயங்கினேன். எதையும் கேட்டு வாங்கிப் பழகாத புத்தி. கடைசியில் எழுதிய அன்றைக்கே தர்மராஜ் கடைக்கு வந்தார்.

"பாய், நாக்பூரு வூட்டாரு ஞாயித்துக்கெழம கெளம்பறாங்க. இந்த ஆயா வேல எதுனா தெரிஞ்சுதா? தெரியாம நா அவுங்கள நிறுத்தி வைக்க முடியாது. வேற புள்ளையப் பாத்துக்குவாங்க. அப்பறம் இதுவும் இல்ல, அதுவும் இல்லன்னு ஆயிடும்."

"இன்னும் ரெண்டு நாள் பாருங்களேன் தர்மராஜ்" என்றார் அத்தா.

"மூணு மாசமா பாத்துகினுதான கீறோம்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

ஞாயிறு காலையில் எல்லம்மாள் எங்கள் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ள வந்தாள். தலையில் எண்ணெய் வைத்து, இரண்டு பின்னல் போட்டு, நீல ரிப்பன் கட்டிவிட்டிருந்தாள் வேண்டா. அம்மா அவளுக்குப் பிஸ்கோத்துப் பொட்டலம் ஒன்று கொடுத்தாள். எல்லம்மாள் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி, சுற்றியிருந்த தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். வேண்டா பஸ் வரைக்கும் கூடப் போனாள். திரும்பி வரும்போது எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

புதன்கிழமை ராஜம் அம்மாளின் கடிதம் வந்தது. என் பெயருக்கு வந்திருந்தது.

"செல்வி பதருன்னிசாவுக்கு. உங்கள் கடிதம் எனக்கு வியப்பாக இருக்கிறது. திருமதி வேதம்மாளையே நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அவருடைய விண்ணப்பம் போல ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை. ஆனால் நாங்கள் அனுப்பிய அட்டையில், பணியில் சேர விருப்பம் என்ற இடத்தில், 'வேண்டா' என்று அவர் தம் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். ஒரே ஒரு சொல். எழுத்தை மிகவும் பாடுபட்டு எழுதியிருந்தார். ஏன் மறுத்தார் என்று எனக்குப் பெரிய வருத்தம். பெண்ணுக்கு வேறு நல்ல வழி கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அந்த இடத்துக்கு ஜூன் முதல் தேதியே வேறொருவரை எடுத்துவிட்டோம். இப்போது நான் செய்யக் கூடியது ஒன்றும் இல்லை. அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன்."

அட்டையைப் பார்த்தேன். மேலே தட்டச்சில் வேதம்மாள். கீழே புள்ளிக் கோட்டின் மேல், ஒரு கோடு கூடக் கோணாமல், அவள் பெயர். அப்போதுதான் முதல் முறையாக அது எனக்கு வேறு மாதிரி படித்தது.

மூன்று நாள் நான் தோப்புப் பக்கம் பார்க்கவே இல்லை. பிறகு அம்மாதான், "நீ சொல்லலேன்னா நான் சொல்றேன்" என்றாள். வேண்டா விறகு போட வந்தபோது சொன்னேன். கடிதத்தை முழுவதும் படித்தேன். நான் பெயர் மாற்றியதையும், மாற்றாமல் இருந்திருந்தால் அவர்களுக்குப் புரிந்திருக்கும் என்பதையும் சொன்னேன்.

அவள் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"எம் பேரத்தான பாப்பா எழுதனேன்" என்றாள்.

"ஆமாக்கா."

"நா வேணாம்னு சொன்னனா?"

"இல்லக்கா."

"அந்த அம்மா அப்பிடி நெனச்சிகினுதான் இருக்கும், இல்ல? 'இவ்ளோ நல்லா கேட்டுட்டு வேணான்னுட்டாளே'ன்னு."

அதைத்தான் அவள் முதலில் நினைத்தாள். நான் அழுதேன். அவள் அழவில்லை. "நீ எனக்கு நல்ல பேரா வைக்கலாம்னு பாத்த. வுடு" என்று மட்டும் சொன்னாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றும். அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் அன்றே ராஜம் அம்மாளுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அடுத்து இடம் காலியானால் முதலில் தெரிவிப்பதாகப் பதில் வந்தது. இந்த மூன்று வருடத்தில் காலியாகவில்லை. நாக்பூருக்கும் எழுதினேன். பெண் நன்றாக இருக்கிறாள், குழந்தை அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, ஊருக்கு வரும்போது அழைத்து வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். இன்னும் வரவில்லை.

அந்த வருடம் ஆகஸ்டு மாதம் எல்லம்மாளின் முதல் கடிதம் வந்தது. வேண்டா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கொல்லைப் படியில் உட்கார, நான் படித்தேன். "அம்மா, நான் சுகம். இங்கே கடல் இல்லை. வெயில் ரொம்ப. குட்டிப் பாப்பாவுக்கு என் இடுப்புதான் வேண்டும். பள்ளிக்கூடம் அடுத்த வருடம் பார்க்கலாம் என்கிறார்கள். என் தலையை நானே பார்த்துக்கொள்கிறேன். பின்பக்கம்தான் எட்டவில்லை."

அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன். பிறகு பதில் சொன்னாள், எழுதினேன். சவுக்கு வெட்டு நடப்பதையும், பெரியப்பா வீட்டு ஆடு குட்டி போட்டதையும், பின்பக்கத்துக்கு அந்த வீட்டம்மாவைக் கேட்டுப் பார், கூச்சப்படாதே என்பதையும் சொன்னாள். எங்கே போனாலும் அச்சில் கிடைப்பதைப் படி என்று சொன்னாள்.

எழுதி முடித்துப் பேனாவை அவளிடம் நீட்டினேன். "அடியிலே உங்க பேரை நீங்களே எழுதுங்க. எல்லம்மா பார்த்தா சந்தோஷப்படுவா."

வாங்கினாள். தாளுக்கு மேலே பேனாவைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எம் புள்ளைக்கு எழுதற காயிதத்துல போயி, கடசில வேண்டான்னு போடுவனா?" என்றாள்.

"அவளுக்குத் தெரியுமே, அது உங்க பேருன்னு."

"அதுக்குத் தெரியும். அந்த வூட்ல பிரிச்சுப் பாக்கறவங்களுக்குத் தெரியுமா? அவ ஆத்தாளே வேணாம்னு எழுதிட்டான்னு நெனச்சா?" கையை நீட்டினாள். "மையத் தடவு பாப்பா. எம் பொண்ணுக்கு என் வெரலு தெரியும்."

தடவினேன். கட்டைவிரலைத் தாளில் வைத்து மெதுவாக அழுத்தினாள். குறுக்கே அந்தத் தழும்பு வெள்ளையாகப் பதிந்தது. மை காய்கிற வரைக்கும் தாளைக் கையில் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள்.